ஐந்துக்கு பஸ் வராது

சரஸ்வதிபுரம், மைசூரு
10 ஜூன் 2024

அன்புள்ள தமிழ்ப்ரியா,

முதலில் நல்ல செய்தி. பதிப்பகத்தார் நம் தலைப்புக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 'மசாலா தோசைத் தேற்றம்' என்றே அச்சாகப் போகிறது. 'கணிதத்தின் விசித்திரப் பெயர்கள்' என்று வைத்தால் நூலகங்கள் வாங்கும் என்று அந்த மனிதர் கடைசிவரை மல்லுக்கட்டினார். பேசிப் பயனில்லை என்று ஹோட்டலுக்கு அழைத்துக்கொண்டு போய் ஒரு மசாலா தோசை சொன்னேன். தோசை, உள்ளே தடவிய சிவப்புச் சட்னி, பல்யா என்கிற உருளைக்கிழங்கு மசியல், ஆக மூன்று சாமான். எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் ஒரே வெட்டில் மூன்றும் சரிபாதியாகும்படி கத்தியைப் பிடிக்க ஒரு வழி கட்டாயம் உண்டு, இதையே வெள்ளைக்காரர்கள் பன்றிக்கறி வைத்த ரொட்டியைக் காட்டி 'ஹாம் சாண்ட்விச் தேற்றம்' என்கிறார்கள் என்றேன். எங்கே வெட்டுவது என்று கேட்டார். அதைத் தேற்றம் சொல்லாது, உண்டு என்று மட்டும்தான் சொல்லும் என்றேன். அதற்குள் முக்கால் தோசையைத் தின்றுவிட்டார். தலைப்பு நிலைத்தது.

ஆகஸ்ட் 15க்குள் எல்லா அத்தியாயமும் கையில் வேண்டுமாம். நான்கு வருஷமாக இழுத்தாயிற்று, நியாயம்தான்.

'குடுமித் தேங்காய்த் தேற்றம்' உங்கள் ஏழாம் வகுப்பில் தேறியதில் எனக்கு ரொம்பத் திருப்தி. நார்த் தேங்காயை எப்படிச் சீவினாலும் ஓரிடத்தில் குடுமி நட்டுக்கொள்ளும் என்பதை அந்தப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். திசையில்லாமல் அலையும் நடைக்கு நான் வைத்த 'குடிகாரன் நடை' என்ற பேரை நீங்கள் அடித்துப்போட்டபோது கோபம் வந்தது உண்மை. அந்தப் பேரை வாசித்ததும் பாதி வகுப்பு தலையைக் குனிந்துகொண்டது என்று எழுதியிருந்தீர்கள். சரி, 'கயிறு அவிழ்ந்த கன்று நடை' என்றே இருக்கட்டும்.

இத்துடன் ஒன்பதாம் அத்தியாயம். தனிக் கவரில் ஒட்டியிருக்கிறேன். நம் வழக்கப்படி முன்கூட்டிப் பிரிக்கக் கூடாது. பிள்ளைகள் எதிரில் பிரித்து, முதல்தடவையாக அங்கேயே வாசிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்தும் அந்தப் பெயர் அவர்கள் வாயில் இருந்தால் புத்தகத்தில் இருக்கும்.

இந்தமுறை விளையாட்டு. வெளியே மைதானத்தில் நிறுத்துங்கள். ரோல் நம்பரையே எண்ணாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் எண்ணின் வகுத்திகளை, தன்னை விட்டுவிட்டு, கூட்ட வேண்டும். பத்தென்றால் ஒன்று, இரண்டு, ஐந்து, கூட்டினால் எட்டு. பத்து ஓடிப்போய் எட்டைத் தொட வேண்டும். ஆறு தன்னையே தொட்டுக்கொள்ளும். பகா எண்கள் அத்தனையும் ஒன்றின்மேல் போய் விழும். உங்கள் இருபத்துநான்கு பேரில் சிலரை யாரும் தொட மாட்டார்கள். வகுப்பு பெரிதானால் அவர்களுக்கும் ஆள் வரும். பன்னிரண்டுக்கு 121 வரும், பதின்மூன்றுக்கு 27 வரும். ஆனால் உலகத்து எண்களை எல்லாம் கூட்டி வந்தாலும் இரண்டு பேருக்கு மட்டும் யாரும் வர மாட்டார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. அது கவருக்குள். வாசித்ததும் வகுப்பு சிரிக்கும், பாருங்கள்.

அம்மா உங்களை விசாரித்தாள்.

அன்புடன்,
வாமன்


ஹனூர்
24 ஜூன் 2024

வாமன் சார் அவர்களுக்கு,

ஒன்பதாம் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பியிருக்கேனுங்க. எப்பவும் ஓரத்துல பென்சில்ல எழுதுவேனே, இந்தத் தடவை ஒண்ணும் எழுதலை.

"இரண்டும் ஐந்தும் தீண்டத்தகாத எண்கள். பாவம், இவர்களை எந்த எண்ணும் வந்து தொடாது." நீங்க எழுதின இந்த வரியை, அதே மாதிரி, நான் இருபத்துநாலு பிள்ளைங்க முன்னாடி சத்தமா வாசிச்சேன். அஞ்சாம் நம்பர் மல்லம்மா. காலனிப் பொண்ணு. நீங்க சொன்ன மாதிரியே வகுப்பு சிரிச்சது.

வியாழக்கிழமை சாயங்காலம் போனவ இன்னிக்கு வரைக்கும் வரலை.

புஸ்தகத்துல என் பேர் வேண்டாமுங்க. முந்தின எட்டு அத்தியாயத்தை நீங்களே வெச்சுக்கலாம். போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தமிழ்ப்ரியா


மைசூரு
29 ஜூன் 2024

அன்புள்ள தமிழ்ப்ரியா,

பன்னிரண்டு தடவை போன் செய்தேன். அதனால்தான் கடிதம்.

நடந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை நான் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலீஷில் 'அன்டச்சபிள் நம்பர்' என்றே வழங்குகிறது, உலகம் முழுக்க அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் இருப்பதை இருக்கிறபடி தமிழில் கொண்டுவந்தேன். இதே துறையில் சூனியக்காரி என்று ஒரு வளைவு இருக்கிறது. அரக்கன் என்று ஒரு குலம் இருக்கிறது. புறாக்கூண்டு இருக்கிறது, காற்சட்டை இருக்கிறது. யாரும் இதில் யாரையும் குறிப்பிடுவதில்லை. கணக்குக்கு ஜாதி கிடையாது என்று நீங்களே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

ஐந்தாம் நம்பர் யார் என்று மைசூரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எப்படித் தெரியும்?

சரி, மாற்றிவிடுவோம். 'எட்டா எண்' என்று போடலாம். யாருக்கும் எட்டாதது, பெருமையாகக்கூட இருக்கிறது. ஒரு சொல்லுக்காக நான்கு வருஷ வேலையிலிருந்து பேரை எடுப்பது பெரிய வார்த்தை, தமிழ்ப்ரியா. எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது. உங்களுக்குப் பிடிக்காதது எதுவானாலும் நீங்கள் வாயைத் திறந்து சொல்வதே இல்லை, ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிடுகிறீர்கள்.

பதில் எழுதுங்கள்.

வாமன்


ஹனூர்
7 ஜூலை 2024

வாமன் சார்,

வாயைத் திறந்து சொல்றதில்லைன்னு எழுதியிருக்கீங்க. சரிங்க, இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, சோலி ஒண்ணும் இல்லை, சொல்றேன்.

மொதல்ல உங்க புதுப் பேரு. 'எட்டா எண்'ணை வெள்ளிக்கிழமை வாசிச்சுப் பாத்தேன். ஒருத்தன் விடாம எல்லாரும் எட்டாம் நம்பர் பையனைத் திரும்பிப் பாத்தாங்க. தேறலைங்க.

இனி அன்னிக்கு நடந்தது. பிள்ளைங்க ஓடி ஓடித் தொட்டாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, நானே சிரிச்சேன். ஆறாம் நம்பர் தன் தோளைத் தானே தட்டிக்கிட்டான். கடைசியா நான் காயிதத்தைப் பாத்து அந்த வரியை வாசிச்சேன். வாசிச்சு முடிச்ச பின்னாலதான் எனக்கே காதுல விழுந்துச்சு. ரெண்டாம் நம்பர் அய்யாவு, பெரிய தோட்டத்து வீட்டுப் பையன். அவன் உடனே கையத் தூக்கி, "டீச்சர், நான் கெடையாது, அவ மட்டும்தான்"னான். அதுக்குத்தான் சிரிச்சாங்க. மல்லம்மா அழுகலை. நின்ன எடத்துலயே நின்னா. மணி அடிச்சதும் பையை எடுத்துக்கிட்டுப் போனா.

அந்தப் பையன் பன்னெண்டு வயசு. அவனை நான் அதட்டினேன். ஆனா வரியை வாசிச்சது யாருங்க? நானு. அந்தச் சொல்லை என்னைப் பாத்து மத்தவங்க சொல்லியிருக்காங்க. என் வாயால நானே ஒரு குழந்தையப் பாத்துச் சொல்லுவேன்னு கனவுலகூட நெனைக்கலை.

ஆமாங்க. மல்லம்மா வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் எங்க வீடு. ஹனூர்ல இறங்கி மூணு கிலோமீட்டர் நடக்கோணும். இதை உங்ககிட்ட நான் சொன்னதில்லை. நீங்களும் கேட்டதில்லை. மானசகங்கோத்ரி யுனிவர்சிட்டியில ரெண்டு வருஷம் ஒரே பெஞ்சு, அப்பறம் கடுதாசி, அப்பறம் புஸ்தகம்னு பதினோரு வருஷப் பழக்கம். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்க. உங்க வீட்டுக்கு வந்தப்போ உங்கம்மா காபி குடுத்துட்டு, ஹனூர்ல எந்தப் பக்கம்மான்னு பிரியமாத்தான் கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, காபி ஆறுது, குடிங்கன்னு நீங்க பேச்சை மாத்தினீங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க, உங்களுக்குத் தெரியும்னு.

பேரை மாத்தறது பெரிய காரியம் இல்லைங்க. நீங்க 'பாவம்'னு எழுதினீங்களே, அதுதான் எனக்கு ஆறலை. அஞ்சு என்ன தப்புப் பண்ணுச்சு? அதுகிட்டப் போகாதது மத்த எண்ணுங்க. பாவம்னு யாரைச் சொல்லோணும்?

மல்லம்மா இன்னும் வரலை. மூணு தடவை போனேன். அவங்கப்பா தொட்டையன், பாப்போம் டீச்சர்னு மட்டும் சொல்றாரு. உள்ள உக்காந்து எதையோ எழுதிக்கிட்டே இருக்கறா, என்னைப் பாத்தா நோட்டை மூடிக்கறா. ஒரு மாசம் வராம விட்டா அப்பறம் வரவே மாட்டா, எங்க ஊர்ல எத்தனையோ பாத்திருக்கேன். எனக்கு இப்போ உங்க புஸ்தகம் பெரிசில்லைங்க. அந்தப் பொண்ணு வரோணும். அந்த வெசனம்தான்.

தமிழ்ப்ரியா


மைசூரு
14 ஜூலை 2024

தமிழ்ப்ரியா,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் விளக்கம் இருந்தது. இதில் இல்லை.

எனக்குத் தெரியும். காபி ஆறுகிறது என்று நான் சொன்னது வேண்டுமென்றுதான். முதல் வருஷமே ஊகித்துவிட்டேன். கேட்காமல் இருப்பதுதான் நாகரிகம் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தேன். கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். சொன்ன பிறகு ஒருநாள் வாருங்கள் என்று கூப்பிட்டிருப்பீர்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் வர வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்துதான் கேட்கவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  "நான் கேட்ட கேள்விக்கு அந்தப் பெண் பதில் சொல்லவிடாமல் பண்ணினாயே" என்று என்னைக் கோபித்துக்கொண்டாள். அம்மாவைக் காரணமாக வைத்து எத்தனை வருஷம் ஒளிந்திருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். ஆகஸ்ட் 15க்குத் தர முடியாது என்று பதிப்பகத்துக்கும் சொல்லிவிட்டேன். உங்கள் பேர் இல்லாமல் அந்தப் புத்தகம் வராது, அதை மட்டும் தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்.

மல்லம்மா விஷயத்தில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஒன்றும் வேண்டாம், ஒதுங்கி இரு என்றால் அதையும் சொல்லுங்கள்.

வாமன்


ஹனூர்
23 ஜூலை 2024

வாமன் சார்,

உங்க கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். கோபம் தீந்துபோச்சுன்னு சொல்ல மாட்டேன். கொறைஞ்சிருக்குதுங்க.

மல்லம்மா என்ன எழுதிக்கிட்டு இருந்தான்னு தெரிஞ்சுபோச்சு. சனிக்கிழமை போனப்போ அவங்கம்மா பாப்பம்மாள் நோட்டை எடுத்து என் கையில குடுத்துட்டாங்க. ஒண்ணுல இருந்து இருநூறு வரைக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் வகுத்தி போட்டுக் கூட்டி வெச்சிருக்கறா. நாலு எடத்துல தப்பு, மீதியெல்லாம் சரி. எதுக்குடின்னு கேட்டேன். "அஞ்சுக்கு யாராச்சும் ஒருத்தராவது வர்றாங்களான்னு பாத்தேன் டீச்சர்"னா.

 அவ பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறா. இருநூறுக்கு மேல பாக்க வேண்டியதில்லையாம். அஞ்சு வரோணும்னா ஒண்ணும் நாலும் மட்டும் இருக்கோணும், நாலு வகுத்தா ரெண்டும் வகுக்குமே, அப்பறம் எப்படி அஞ்சு வரும்னு கேக்கறா. யாரும் சொல்லித் தரலைங்க. வீட்டுல உக்காந்து தானாக் கண்டுபிடிச்சிருக்கறா. நீங்க அத்தியாயத்துல ஒரு பக்கம் எழுதினதை அவ ரெண்டு வரியில முடிச்சுட்டா.

அப்பறம் நோட்டுல ஒரு கோடு காட்டினா. அஞ்சுல இருந்து ஒண்ணுக்குப் போகுது. "அஞ்சுக்கு யாரும் வரமாட்டாங்க. ஆனா அஞ்சு போகும் டீச்சர். நம்மூராட்டத்தான். பஸ் வராது. நாம போறோம்."

வாமன் சார், பேரு கெடைச்சுருச்சுங்க. பஸ் வராத ஊரு. திங்கக்கெழமை வகுப்புல சொல்லிப் பாத்தேன். எங்க வகுப்புல பாதிப் பேரு பஸ் வராத ஊருதான், காலனி மட்டும் இல்லை, மலையோரத்து ஊரு எல்லாம். ஒருத்தன் எங்க ஊரு பன்னெண்டாம் நம்பராட்டம், எப்பவாச்சும் ஒரு பஸ் வரும்னான். யாரும் யாரையும் பாத்துச் சிரிக்கலை.

ஆனா அவ இன்னும் வரலை. வர்றதுக்கு ஒரு பேச்சு வெச்சிருக்கறா. நான் சொல்லிக் குடுக்கலைங்க, சத்தியமா. அந்த விளையாட்டை எழுதின சார் வரட்டும், வந்து அஞ்சாம் நம்பரா நிக்கட்டும், நான் அன்னிக்கு வர்றேங்கறா. தனக்கு ஒண்ணாம் நம்பர் வேணுமாம்.

சனிக்கிழமை எங்களுக்குக் காலையில மட்டும் பள்ளிக்கூடம். மைசூரில இருந்து கொள்ளேகால், கொள்ளேகால்ல இருந்து ஹனூர். பள்ளிக்கூடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலதான். எங்க வீட்டுக்கு மட்டும் பஸ் கெடையாது.

தமிழ்ப்ரியா


மைசூரு
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தமிழ்ப்ரியா,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். கொள்ளேகாலில் ஒரு மணி நேரம் பஸ் இல்லை. அது பரவாயில்லை.

நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். மைதானத்தில் நீங்கள் காட்டிய இடத்தில் 5 என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விளையாட்டை எழுதினவன் நான். என்ன நடக்கும் என்று மற்ற எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் விசில் அடித்தீர்கள். பிள்ளைகள் ஓடினார்கள். பத்து எட்டிடம் போனது, பதினாலு பத்திடம் போனது, இருபத்திரண்டு என்னைக் கடந்து பதினாலிடம் போனது. தமிழ்ப்ரியா, எனக்குத் தேற்றம் தெரியும். அப்படி இருந்தும் ஒவ்வொரு பிள்ளை ஓடும்போதும் என் பக்கம் வருகிறதா என்று பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. முப்பது தாண்டிய ஆள் எனக்கே அப்படி இருந்தது.

நீங்கள் இரண்டாவது விசில் அடித்து, பகா எண்கள் கிளம்பலாம் என்றீர்கள். நான் நடந்தேன். எதிரில் ஒன்றாம் நம்பர் மல்லம்மா. எனக்கு முன்னால் மூன்று, ஏழு, பதினொன்று எல்லாம் வந்து அவள் தோளில் கை வைத்துவிட்டார்கள். இரண்டாம் நம்பர் அய்யாவு கடைசிவரை தயங்கினான். அவனும் அங்கேதான் வர வேண்டும், கணக்கு விடாது. வந்தான். வைத்தான். ஒன்பது கைகளில் ஒன்பதாவது என்னுடையது. "வழி தெரிஞ்சுதா சார்?" என்றாள் அந்தப் பெண். தெரிந்தது என்றேன். 

அவள் எதற்காக ஒன்றைக் கேட்டாள் என்று பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது. எல்லாரையும் தன்னிடம் வரவழைக்க எந்த எண் வேண்டும் என்று அவள் இருநூறு வரை கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

அத்தியாயத்தைத் திரும்ப எழுதியிருக்கிறேன். கவரை ஒட்டவில்லை. நீங்கள் முதலில் படியுங்கள், இனி எல்லாமே அப்படித்தான். நிரூபணம் மல்லம்மாவுடையது என்று அவள் பேரிலேயே போட்டிருக்கிறேன். அவளிடமும் தொட்டையனிடமும் கேட்டுச் சொல்லுங்கள். 'பாவம்' என்ற சொல் எங்கேயும் இல்லை.

உங்கள் அம்மாவுக்கு என் நமஸ்காரம். தீபாவளி விடுமுறையில் நீங்கள் இருவரும் இங்கே வர வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். அவள் கேட்ட கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறதாம்.

அன்புடன்,
வாமன்


ஹனூர்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள வாமன் சாருக்கு,

அத்தியாயம் கெடைச்சுது. ஓரத்துல நெறைய எழுதியிருக்கேன், கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுல மோர் குடிச்சதை அத்தியாயத்து ஆரம்பத்துல சேத்திருக்கீங்களே, அதை எடுத்துடுங்க. மோர் குடிச்சதெல்லாம் ஒரு சேதியாங்க? மூணு கிலோமீட்டர் நடந்து வந்த யாருக்கும் எங்கம்மா குடுக்கறதுதான். நடந்து வந்ததையும் எடுத்துடுங்க. எங்க பிள்ளைங்க தெனமும் நடக்குதுங்க.

மல்லம்மா பேரைப் போடறதுக்குத் தொட்டையன் சரின்னுட்டாரு. இனிஷியல் விடாமப் போடோணுமாம். அவளுக்கு ஒரே ஒரு குறை. அம்பத்திரெண்டும் பஸ் வராத ஊருன்னு இருநூறுக்கு மேலயும் கூட்டிப் பாத்து அவ நோட்டுல போட்டிருக்கறா, நீங்க எழுத மறந்துட்டீங்களாம். சேத்திருங்க.

என் பேரையும் போடுங்க. உங்க பேருக்குக் கீழ வேண்டாம், பக்கத்துல.

போன வாரம் பூரா பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், இன்னிக்குக் காலையிலதான் மறுபடி நம்பர் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுத்தேன். ரோல் நம்பரை மாத்தட்டுமான்னு போன வாரமே அவகிட்டக் கேட்டிருந்தேன், வேண்டாம்னுட்டா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு கூப்பிட்டுக்கிட்டே வந்தேன். அஞ்சுன்னு சொல்றதுக்கு முந்தி நிமிந்து அவளைப் பாத்தேன்.

அஞ்சுன்னேன்.

"வந்துட்டேன் டீச்சர்"னா.

தமிழ்ப்ரியா